விடை தெரிந்த பின்னும்

விடுகதைக்கு ஒரே ஓர் உயிர்தான். விடை வெளிப்பட்ட கணத்தில் அது போய்விடும். ஒருமுறை அவிழ்த்த விடுகதையை அதே பிள்ளையிடம் மறுபடியும் போட்டால், "இது தெரிஞ்சதுதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குறுக்கெழுத்துப் போட்டிக்கும் இதுவே கதி. நிரப்பிய கட்டங்களை அழித்துவிட்டு மீண்டும் நிரப்புவாரில்லை. புதிர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பிறப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கோ அவை எப்படிச் சாகின்றன என்பதுதான் கூடுதல் சுவையான விடயமாகப் படுகிறது.

சாக மறுத்த புதிர் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. 1974ஆம் ஆண்டு ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்த ரூபிக் சதுரமுகியின் விடை, 1980களின் தொடக்கத்திலேயே அச்சேறிவிட்டது. 1981இல் அந்த விடையைச் சொல்லும் சிறுநூல்கள் இலட்சக்கணக்கில் விற்றன. இன்று கைத்தொலைபேசியைத் தட்டினால் பத்து நிமிடக் காணொளியில் முழு விடையும் வந்துவிடும். ஒளித்துவைத்த இரகசியம் என்று அதில் எதுவும் மிச்சமில்லை. ஆயினும் அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அது பிள்ளைகளின் புத்தகப்பைக்குள் இருக்கிறது. எங்கள் ஊரில் பென்சிலும் அழிறப்பரும் விற்கும் கடையில், பொலித்தீன் பைக்குள் ஆணியில் தொங்குகிறது. கணித பாடநூலில் சதுரமுகி என்று படிக்கும் அதே பிள்ளைகள் கையில் எடுத்ததும் ‘கியூப்’ என்கிறார்கள். நானும் இரண்டு சொற்களையும் மாறி மாறிப் பாவிக்கிறேன்.

ஏர்னோ ரூபிக் 1944 ஜூலை 13இல், யுத்தத்தின் நடுவே, புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தையின் பெயரும் ஏர்னோ ரூபிக்தான். அவர் இயந்திரமின்றிக் காற்றில் மிதக்கும் கிளைடர் விமானங்களை வடிவமைத்த பொறியியலாளர். தாய் மக்டொல்னா சாந்தோ ஒரு கவிஞர். பொறியியலும் கவிதையும் ஒரே வீட்டில் குடியிருந்தால் என்ன பிறக்கும் என்று நமது இலக்கியக் கூட்டங்களில் யாராவது கேட்டால், சொல்வதற்கு என்னிடம் இப்போது ஒரு பதிலுண்டு. மகன் கட்டடக்கலை பயின்று, 1970களின் தொடக்கத்தில் புடாபெஸ்டின் பிரயோகக் கலைகளுக்கான கல்லூரியில் விரிவுரையாளரானார்.

முப்பரிமாண வடிவங்களை மாணவருக்கு விளக்குவதற்கான கற்பித்தல் சாதனமாகவே அவர் சதுரமுகியைச் செய்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் கடதாசி மட்டையும் பசையும் வைத்துக்கொண்டு கற்பித்தல் சாதனங்கள் செய்து களைத்தவன் என்ற வகையில், அந்தக் கதை உண்மையாக இருந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவரை ஆட்கொண்டிருந்தது வேறொரு கேள்வி. ஒரு பொருளின் துண்டுகள் தனித்தனியே இடம்மாற வேண்டும். ஆனால் முழுப்பொருளும் குலைந்து விழக்கூடாது. இது நடக்குமா? அது அமைப்பியல் சார்ந்த கேள்வியே அன்றி, புதிர் என்ற எண்ணமே அப்போது அவரிடம் இருக்கவில்லை.

தாயின் வீட்டில் தனக்கிருந்த அறையில், முதலில் எட்டுச் சிறு கட்டைகளை இறப்பர் நாடாவால் பிணைத்துப் பார்த்தார். சில திருப்பல்களிலேயே நாடா அறுந்தது. துண்டுகளை வெளியிலிருந்து கட்டிவைப்பதில் பயனில்லை, துண்டுகளின் வடிவமே ஒன்றையொன்று பிடித்துவைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இன்று நாம் காணும் கியூப் அந்த முடிவின் விளைவு. பக்கத்துக்கு மூன்று என்று எண்ணினால் மொத்தம் 27 கட்டைகள் இருக்கவேண்டும். உண்மையில் இருப்பவை 26. நடுவில் கட்டை இல்லை. ஆறு திசைகளிலும் கைநீட்டிய ஓர் அச்சு இருக்கிறது. ஆறு முகங்களின் மையத்துண்டுகளும் அந்த அச்சில் பொருத்தப்பட்டவை. அவை சுழலும், இடம் மாறா. மற்றைய 12 விளிம்புத் துண்டுகளும் 8 உச்சித் துண்டுகளும் எதிலும் ஒட்டப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கால் உண்டு. அந்தக் கால் அயலவனின் அடியில் செருகப்பட்டிருக்கும். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் எவரும் விழாமல் இருக்கிறார்கள். பழைய கியூப் ஒன்றைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு விளங்கும். கழற்றிப் பார்க்காதவர்கள் ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம் என்பது எனது சிபாரிசு.

1974 வசந்தகாலத்தில் முதற் சதுரமுகி மரத்தில் உருவானது. துண்டுகளின் நகர்வு கண்ணுக்குத் தெரிவதற்காக ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தார். பிறகு திருப்பத் தொடங்கினார். நிறங்கள் கலைந்து அழகாக விரிந்தன. சில திருப்பல்களின் பின் பழைய நிலைக்குத் திரும்ப எண்ணியபோதுதான், வழி தெரியவில்லை என்பது அவருக்கு உறைத்தது. தான் செய்த பொருள் ஒரு புதிர் என்று அந்த இடத்தில்தான் அவர் அறிந்தார். அதற்கு விடை உண்டா என்பதைச் சொல்ல உலகில் வேறு எவரும் இல்லை. அவர் முதலில் எட்டு உச்சிகளையும் ஒழுங்குபடுத்தினார். பிறகு சில துண்டுகளை மட்டும் நகர்த்தி மற்றவற்றைக் குலைக்காத திருப்பல் வரிசைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். முழுமையாகச் சீராக்க ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்தது.

இந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சதுரமுகியின் கவர்ச்சி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

கலைந்த வீட்டை ஒழுங்குபடுத்துபவர் ஓர் அறையை முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். முடித்த அறை அப்படியே இருக்கும். சதுரமுகியில் அது நடக்காது. ஒரு முகத்தைச் சீராக்கிய பின் அடுத்ததைச் சீராக்க வேண்டுமாயின், சீராக்கியதை உடைத்தே ஆகவேண்டும். கையில் எடுத்த அநேகர் முதல் முகத்தோடு நிறுத்திவிடுவது இதனால்தான். அவர்களுக்குப் புத்தி போதவில்லை என்று சொல்வதற்கில்லை. கட்டியதை உடைக்க மனம் வரவில்லை. உடைத்தாலும் திரும்பக் கட்டலாம் என்ற உத்தரவாதத்தோடு உடைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்து, இன்னொன்றைச் செய்து, முதலாவதைத் தலைகீழாக்கி, இரண்டாவதையும் தலைகீழாக்கினால், பெரும்பாலான துண்டுகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். சில மட்டுமே இடம் மாறியிருக்கும். உதாரணமாக, வலது முகத்தை வலஞ்சுழியாகக் கால் சுற்று, மேல் முகத்தை வலஞ்சுழியாகக் கால் சுற்று, பிறகு வலதை இடஞ்சுழியாக, மேலையும் இடஞ்சுழியாக. இந்த நான்கு திருப்பல்களையும் ஆறு தடவை செய்தால் சதுரமுகி தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடும். கணிதத்தில் ‘கூட்டம்’ என்று நாம் பெயரளவில் படித்துவிட்டு மறந்துபோகும் கோட்பாடு, இங்கே உள்ளங்கையில் ஓசையெழுப்பிக்கொண்டு சுழல்கிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். வலது முகத்தையும் மேல் முகத்தையும் மாறி மாறி, வலஞ்சுழியாக மட்டும் திருப்பிக்கொண்டே போங்கள். கியூப் படுமோசமாகக் கலையும். நிறுத்தாமல் தொடர்ந்தால் இந்த இணை 105ஆவது தடவை முடியும்போது எல்லா நிறங்களும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். தரம் 9 வகுப்பில் இதைச் செய்யவைத்தபோது, ஐம்பதைத் தாண்டியதும் பிள்ளைகள் நம்பிக்கை இழந்தார்கள். தொண்ணூற்றில் சிரித்தார்கள். நூறுக்குப் பிறகு பின்வாங்கிலிருந்தவர்களும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

ஒரு சதுரமுகி மொத்தம் எத்தனை நிலைகளை எடுக்கலாம் என்ற எண் பிரசித்தமானது: 43,252,003,274,489,856,000. நமது முறையில் வாசித்தால் நான்கு இலட்சத்து முப்பத்தீராயிரத்து ஐந்நூற்றிருபது கோடி கோடிக்குச் சற்று மேல். நொடிக்கு ஒரு நிலை என்று பார்த்துக்கொண்டே போனாலும் முடிவதற்கு ஒரு இலட்சத்து முப்பத்தேழாயிரம் கோடி ஆண்டுகள் செல்லும். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்பர். அமெரிக்காவில் இதை விற்ற கம்பனியோ தனது விளம்பரத்தில் வெறுமனே ‘மூன்று பில்லியனுக்கு மேல்’ என்று போட்டது. உண்மையைச் சொன்னால் வாங்குபவர் மிரண்டுவிடுவார் என்று எண்ணினார்களோ என்னவோ, கடலைச் செம்பில் அளந்து காட்டினார்கள்.

இந்த எண் நமக்குச் சொல்லும் செய்தி பருமனைப் பற்றியது மட்டுமல்ல. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகக் கலைத்த கியூப் இருக்கும் நிலையை, அநேகமாக உலகில் வேறெவரும் கண்டிருக்கமாட்டார்கள். ஆகவே விடை தெரிந்தவரும் ஒவ்வொரு தடவையும் புதிய புதிரையே அவிழ்க்கிறார்.

அந்த எண்ணுக்குள் வெளித்தெரியாத ஒரு வேலியும் உண்டு. சதுரமுகியைக் கழற்றி, துண்டுகளை இஷ்டப்படி பொருத்தினால், மேற்சொன்னதைப் போல் 12 மடங்கு நிலைகள் கிடைக்கும். திருப்பல்களால் மட்டும் அடையக்கூடியவை அவற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கே. கீழே விழுந்து சிதறிய கியூப்பை அவசரமாகப் பொருத்திய மாணவனொருவன் இரண்டு நாட்கள் அதோடு மல்லாடிவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். ஓர் உச்சித் துண்டு திரும்பிப் பொருந்தியிருந்தது. அவன் காலமெல்லாம் திருப்பினாலும் அது சீராகாது.

இப்படித் தீர்க்கவே முடியாத ஒன்றை வேண்டுமென்றே விற்ற கதையும் புதிர்களின் வரலாற்றில் இருக்கிறது. ஒரு சிறு பெட்டிக்குள் 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகளை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் ‘பதினைந்துப் புதிர்’ 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பித்தாக்கியது. அதை ஆக்கியவர் நியூயோர்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரின் தபாலதிபர் நோயஸ் சப்மன். பின்னாளில் சாம் லொய்ட் என்ற புகழ்பெற்ற புதிர்க்காரர் அது தன்னுடையது என்று சொல்லிக்கொண்டார். 14உம் 15உம் மட்டும் இடம்மாறியிருக்கும் நிலையைச் சீராக்குவோருக்கு 1000 டொலர் என்பதும் அவர் அறிவித்த பரிசு. பணம் பத்திரமாகவே இருந்தது. அந்த நிலையைச் சீராக்கவே முடியாது என்பதை ஜோன்சன், ஸ்டோரி என்ற இரு கணிதவியலாளர்கள் 1879இலேயே நிறுவியிருந்தனர். பதினைந்துப் புதிர் பிழைத்துக்கொண்டது. பித்து மட்டும் சில மாதங்களில் அடங்கியது. விடையில்லாத புதிர் ஏமாற்றத்தால் சாகிறது, விடை ஒன்றேயான புதிர் விடையால் சாகிறது. ரூபிக்கின் சதுரமுகிக்கு இந்த இரண்டு விதியும் வாய்க்கவில்லை.

ஆனால் பிறந்த மண்ணில் அது தவழ்வதற்கே மூன்று ஆண்டுகள் எடுத்தது. 1975 ஜனவரியில் ரூபிக் ஹங்கேரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அன்றைய ஹங்கேரி அரச திட்டமிடலின்கீழ் இயங்கிய சோசலிச நாடு. விளையாட்டுச் சாமானும் திட்டத்துக்குள்தான் வரவேண்டும். பொலிடெக்னிக்கா என்ற சிறிய கூட்டுறவு நிறுவனம் அதைச் செய்ய முன்வந்தது. 1977 இறுதியில் புடாபெஸ்ட் கடைகளுக்கு முதற் தொகுதி வந்தது. அதன் ஹங்கேரியப் பெயர் ‘பூவோஷ் கொட்ஸ்கா’, மாயச் சதுரமுகி. இதற்கிடையில், பிற நாடுகளில் காப்புரிமை கோருவதற்கு இருந்த ஓராண்டுக் கெடு கடந்துபோயிருந்தது. இதன் விலை என்னவென்று பிறகு தெரிந்தது.

எல்லையைக் கடந்தபோது அதை முதலிற் சுமந்தவர்கள் வியாபாரிகள் அல்லர், கணிதவியலாளர்கள். 1978இல் ஹெல்சிங்கியில் நடந்த சர்வதேசக் கணிதவியலாளர் மாநாட்டுக்கு ஹங்கேரியர்கள் சில சதுரமுகிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். லண்டனில் கற்பித்துக்கொண்டிருந்த டேவிட் சிங்மாஸ்டர் அங்கே அதைக் கண்டார், விடவில்லை. அடுத்த ஆண்டு அதைப்பற்றிய குறிப்புகளைச் சிறு பிரசுரமாக வெளியிட்டார். அவர் செய்த பெரிய காரியம் விடை சொன்னதல்ல. ஆறு முகங்களையும் வலது, இடது, மேல், கீழ், முன், பின் என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கொடுத்தார். அதுவரை கையில் மட்டும் இருந்த ஒன்றை எழுத்தில் வைக்க முடிந்தது. எந்த நாட்டவரும் தான் கண்ட வழியை ஒரு வரியில் எழுதி மற்றவருக்கு அனுப்பலாம். இசைக்கு ஸ்வரம் எழுதுவது போன்ற காரியம் அது. இன்றுவரை உலகமெங்கும் அந்த எழுத்துகளே வழக்கில் இருக்கின்றன.

வியாபாரத்தைத் தொடக்கிவைத்தவர்கள் இருவர். ஒருவர் வியன்னாவில் வாழ்ந்த ஹங்கேரியரான திபோர் லாட்சி. தாய்நாட்டுக்கு வந்த இடத்தில், ஒரு தேநீர்ச்சாலையில் பரிசாரகன் கையில் சதுரமுகியைக் கண்டு, அரச வர்த்தக நிறுவனமான கொன்சுமெக்ஸிடம் அனுமதி பெற்று, 1979இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் விளையாட்டுப் பொருட் சந்தைக்குக் கொண்டுபோனார். கடை போட இடமில்லை. சந்தைக்குள் அதைத் திருப்பிக்கொண்டே நடந்து திரிந்தார். அப்படித் திரிந்தபோது சந்தித்தவர் டொம் கிரெமர். திரான்சில்வேனியாவிற் பிறந்து, சிறுவனாக நாஜிகளின் பேர்கன் பெல்சன் முகாமிலிருந்து உயிர்தப்பி, லண்டனில் விளையாட்டுப் பொருள் துறையில் இருந்தவர். அவர் பல கம்பனிகளின் கதவைத் தட்டியபின், ஐடியல் என்ற அமெரிக்கக் கம்பனி 1979இல் பத்து இலட்சம் சதுரமுகிகளுக்கு உடன்பட்டது.

‘மாயச் சதுரமுகி’ என்பது சட்டப்படி காப்பாற்ற முடியாத பெயர். காப்புரிமைதான் கைநழுவிவிட்டது, பெயரையாவது பூட்டிவைக்கவேண்டும் என்று கம்பனி நினைத்தது. ‘கோர்டியன் முடிச்சு’, ‘இன்கா தங்கம்’ என்றெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் கண்டுபிடித்தவரின் பெயரையே வைத்தார்கள். அந்த வகையில், காப்புரிமைக்கான ஓராண்டைத் தவறவிட்டதாற்றான் ஒரு கல்லூரி விரிவுரையாளரின் பெயர் உலகின் எல்லா மொழிகளுக்குள்ளும் நுழைந்தது எனலாம்.

1980 முதல் மூன்று ஆண்டுகள் நடந்ததை விரிவாக எழுதத் தேவையில்லை. இருபது கோடி வரை விற்றதாகக் கணிக்கிறார்கள். தாய்வான், ஹொங்கொங் போலிகளின் பெருக்கம் தனி. 1981 மார்ச் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையின் அட்டையிலே சதுரமுகி. உள்ளே டக்ளஸ் ஹொவ்ஸ்டாட்டரின் நீண்ட கட்டுரை. அதே ஆண்டு இங்கிலாந்தில் பற்றிக் பொசேர்ட் என்ற 12 வயதுப் பாடசாலைப் பையன் எழுதிய விடைநூல் 15 இலட்சம் பிரதிகள் விற்றது. அமெரிக்காவில் ஜேம்ஸ் நோர்ஸ் எழுதிய நூல் அதையும் பலமடங்கு மிஞ்சியது. ஸ்டிக்கரை உரித்து ஒட்டிச் சீராக்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் எவரும் கணக்கெடுக்கவில்லை.

வழக்கும் வந்தது. லரி நிக்கல்ஸ் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர், பக்கத்துக்கு இரண்டு கட்டைகள் கொண்ட, காந்தத்தால் ஒட்டிச் சுழலும் சதுரமுகியொன்றுக்கு 1972இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ரூபிக் அதை அறிந்திருக்கவில்லை. நிக்கல்ஸின் நிறுவனம் 1982இல் ஐடியல் மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றில் வென்றது. 1986இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பக்கத்துக்கு இரண்டு கொண்ட சிறிய வடிவமே காப்புரிமையை மீறுகிறது, மூன்று கொண்டது மீறவில்லை என்றது. காந்தம் வெளியிலிருந்து கட்டும் இறப்பர் நாடாவின் உறவுக்காரன். ரூபிக் கண்ட அந்த ஒன்றையொன்று பிடிக்கும் கால்கள் வேறு சங்கதி. எனவே தீர்ப்பு நியாயமானதாகவே எனக்குப் படுகிறது.

1982 ஜூன் 5ஆம் திகதி, பிறந்த ஊரான புடாபெஸ்டிலேயே முதலாவது உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. 19 நாடுகளிலிருந்து போட்டியாளர்கள். வென்றவர் மின் தாய் என்ற 16 வயது இளைஞர். வியட்நாமிலிருந்து அகதியாக லொஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தவர். 22.95 செக்கன். சொந்த மண்ணை இழந்து வந்த பிள்ளைக்குப் புதிய நாட்டின் பாஷை கேட்காத, பேச்சு வழக்கைப் பார்த்துச் சிரிக்காத ஒரு போட்டி. அவர் வென்ற செய்தியை வாசிக்கும்போதெல்லாம், இடம்பெயர்ந்த பிள்ளைகள் வந்து சேர்ந்த வகுப்பறைகள் எனக்கு ஞாபகம் வரும். அவர்களுள் கணக்குப் பாடத்தில் மட்டும் வாய்திறந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

அந்த வெற்றி வாணவேடிக்கையின் கடைசி வெடி. சில மாதங்களில் விற்பனை விழுந்தது. பித்து முடிந்துவிட்டது என்று அவ்வாண்டு முடியுமுன்பே ‘நியூயோர்க் டைம்ஸ்’ எழுதிற்று. ஐடியல் கம்பனியையும் அவ்வாண்டிலேயே வேறொரு பெருநிறுவனம் வாங்கியது. எவருக்கும் வேண்டாத பெட்டிகள் களஞ்சியங்களில் குவிந்தன. சோவியத் யூனியனிலும் சீனாவிலும் பித்து பிந்தித் தொடங்கியதால் அங்கே தட்டுப்பாடே நிலவியது. சந்தை என்பது எவ்வளவு வேடிக்கையானது! அடுத்த உலகச் சாம்பியன் போட்டிக்கு 21 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இந்த 21 ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமானவை. சாதாரணப் புதிர் இந்த இடத்தில் செத்திருக்கும். விடையும் தெரிந்தாயிற்று, விற்பனையும் இல்லை. ஆனால் இந்தக் காலத்தில் அங்குமிங்குமாகச் சிலர், எவரும் கேளாமலே, விடையை இன்னும் நல்ல விடையாக்கிக்கொண்டிருந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெசிக்கா ஃபிரிட்ரிக் அவர்களுள் ஒருவர். 1982 புடாபெஸ்ட் போட்டியிலும் பங்குபற்றியவர். பின்னாளில் அமெரிக்காவில் பேராசிரியரானார். முதல் இரண்டு அடுக்குகளையும் ஒன்றாகக் கட்டி, கடைசி அடுக்கை மனப்பாடமான வரிசைகளால் முடிக்கும் முறையைச் செப்பனிட்டு, 1997இல் இணையத்தில் எவரும் வாசிக்குமாறு வெளியிட்டார். விலை கேட்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் தமக்குத் தெரிந்ததைச் சேர்த்தார்கள். 2003இல் கனடாவின் டொரன்டோவில் உலகச் சாம்பியன் போட்டி மீண்டும் கூடியபோது, வந்தவர்கள் பலர் இந்த இணைய வழியில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 2004இல் ரொன் வான் புரூக்கமும் டைசன் மாவோவும் உலக கியூப் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2007இல் போட்டி புடாபெஸ்டுக்கே திரும்பிவந்தது. மின் தாயின் 22.95 செக்கன் இன்று ஒரு பாடசாலைப் போட்டியிலும் வெல்லுமோ தெரியாது. 2023 ஜூனில் மக்ஸ் பார்க் என்ற அமெரிக்க இளைஞர் 3.13 செக்கனில் முடித்தார். ஆட்டிசம் கொண்ட பிள்ளையான அவருக்கு விரல்களைப் பழக்குவதற்காகவே பெற்றோர் கியூப்பைக் கையில் கொடுத்திருந்தனர். முன்பு சாதனைகளைத் தன்வசம் வைத்திருந்த அவுஸ்திரேலியரான பீலிக்ஸ் செம்டெக்ஸ், அவருக்குப் போட்டியாளராக இருந்ததைவிடத் தோழராக இருந்ததே அதிகம்.

பூட்டிவைத்ததால் இது வாழவில்லை என்பதற்கு நீதிமன்றமும் சாட்சி. 2016 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கியூப்பின் சுழலும் தன்மை ஒரு தொழில்நுட்பத் தீர்வு என்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும் என்று கூறி, வடிவத்தை வர்த்தகக் குறியாகப் பாதுகாத்த முன்னைய தீர்ப்பை இரத்துச் செய்தது. சீனக் கம்பனிகள் இலேசாகச் சுழல்பவை, உள்ளே காந்தம் வைத்தவை என்று விதம்விதமாகச் செய்து தள்ளின. எங்கள் ஊர்க் கடையில் சில நூறு ரூபாவுக்கு அது தொங்குவதும் இதனாற்றான்.

ஆசிரியர் அறையில் இதைப்பற்றிப் பேச்சு வந்தபோது, சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "போன்ல பாத்து மனனம் பண்ணிச் செய்யிறதில என்ன கெட்டித்தனம் இரிக்கி? அதுக்கு டியூசன் நோட்ஸ் பாடமாக்கினாப் போதுமே." அவருடைய ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. சூத்திரத்தை ஒப்புவித்துவிட்டுக் காரணம் கேட்டால் விழிக்கும் பிள்ளைகளோடு மாரடிப்பவர்கள்தான் இருவருமே. ஆனாலும் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. வெண்பாவின் இலக்கணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீரும் தளையும் நூலில் இருக்கின்றன. அது தெரிந்துவிட்டதால் வெண்பா செத்துப்போனதா? தெரிந்த பின்னர்தானே எழுதவே தொடங்குகிறோம். மனப்பாடமாகச் செய்பவன் இருபதாவது தடவையில், ‘இந்தத் துண்டு ஏன் இந்த வழியால் வருகிறது’ என்று ஒருநாள் நின்று பார்ப்பான். டியூசன் நோட்டில் அந்த இருபதாவது தடவை இல்லை. பரீட்சையோடு கொப்பியை மூடிவிடுகிறோம்.

விடையைப் பற்றிய கடைசிக் கேள்விக்கும் 2010இல் விடை கிடைத்தது. எவ்வளவு கலைந்த சதுரமுகியையும் அதிகபட்சம் எத்தனை திருப்பல்களில் சீராக்கலாம் என்பதே அந்தக் கேள்வி. 1981இல் மோர்வன் திசில்துவெயிட் 52 போதும் என்று காட்டினார். பிறகு எண் மெல்ல மெல்லக் குறைந்தது. எல்லாத் துண்டுகளும் தத்தம் இடத்தில் இருக்க, பன்னிரண்டு விளிம்புகளும் மட்டும் திரும்பியிருக்கும் ஒரு நிலைக்கு 20 கட்டாயம் தேவை என்பதை 1995இல் மைக்கல் ரீட் நிறுவினார். 2010இல் ரொகிக்கி, கொசியம்பா, டேவிட்சன், டெத்ரிஜ் ஆகிய நால்வரும், கூகிள் இலவசமாகக் கொடுத்த கணினி நேரத்தில், எந்த நிலைக்கும் 20ஐ மீறத் தேவையில்லை என்று முடித்துவைத்தார்கள். ஒரே கணினியென்றால் அந்த வேலைக்கு 35 ஆண்டுகள் சென்றிருக்கும். அந்த இருபதின் பாதையை மனிதக் கண் பார்த்தவுடன் கண்டுகொள்வதில்லை. மூன்று நான்கு செக்கனில் முடிப்பவர்களும் சாதாரணமாக ஐம்பதுக்கு மேற்பட்ட திருப்பல்களால் சுற்றுவழியில்தான் போகிறார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். காணொளி பார்க்கமாட்டேன் என்று பிடிவாதம். மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு அவளைக் கேலி செய்கிறார்கள். "நானாக் கண்டுபுடிக்கிறன் சேர், ஆருஞ் சொல்லித்தரப்படா" என்கிறாள். இரண்டாம் தவணையில் தொடங்கியது. இரண்டு அடுக்குகள் வந்துவிட்டன. பழைய ஒற்றைறூள் கொப்பியொன்றில் தன் திருப்பல்களைக் குறித்துவைத்திருக்கிறாள். சிங்மாஸ்டரின் எழுத்துகள் அவளுக்குத் தெரியாது. வலது முகத்துக்குக் ‘கதவு’, மேல் முகத்துக்கு ‘மூடி’, கீழுக்குப் ‘பாய்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். பின் முகத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதைத் தொட்டால் எல்லாம் குலைகிறதாம்.